கம்பவுண்டரம்மாவும் கிழக்குப் பக்கத்து ஜன்னல்களும்

"மூச்சு விடுதா?" என்பதுதான் கம்பவுண்டரம்மா என்னிடம் கேட்ட முதல் கேள்வி. இரண்டாவது கேள்வி, "எந்தக் கட்டடம்?" சொன்னேன். தொலைபேசியின் அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம். பிறகு, தெரிந்த பதிலையே திரும்பக் கேட்பதுபோல், "மூணாம் பிளாக்கா? கிழக்குப் பக்கத்து ஜன்னலா?" என்றார்.

இரண்டும் சரி. அதுவரை அந்த அம்மாவின் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை.

நான் தையல்காரி. மூன்றாம் பிளாக்கில் ஐந்தாவது மாடி. வெளிச்சத்துக்காக மெஷினைக் கிழக்கு ஜன்னலை ஒட்டிப் போட்டிருக்கிறேன். ஜன்னல் விளிம்பில் என் பூனை படுத்திருக்கும். பெயர் பட்டன். குட்டியாக இருந்தபோது ஒரு சட்டைப் பட்டனை விழுங்கி, மறுநாள் எந்தச் சிரமமும் இல்லாமல் திருப்பிக் கொடுத்ததால் வந்த பெயர். அந்தத் திங்கட்கிழமை பதினொன்றரை மணிக்கு ஊசியில் நூல் கோக்கக் குனிந்தேன். "டக்" என்று ஒரு சத்தம், விரல் சொடுக்கியதுபோல. நிமிர்ந்தால் விளிம்பில் பூனை இல்லை. அது சாய்ந்து படுத்திருந்த கொசுவலைச் சட்டமும் இல்லை. வெறும் வானம்தான் இருந்தது. கத்தவுமில்லை என் பட்டன்.

ஐந்து மாடி எப்படி இறங்கினேன் என்று எனக்கே தெரியாது. கீழே சிமெண்டுத் தரையில் பக்கவாட்டில் கிடந்தது. கண் திறந்திருந்தது. ஒரு முழம் தள்ளி அந்த வலைச் சட்டம். காவலாளிதான் பிராணிகள் ஆஸ்பத்திரி எண்ணைப் போட்டுப் போனை என் காதில் வைத்தார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"விடுது. வாயைத் திறந்து விடுது. வயிறு மேலயும் கீழயும் போகுது."

"சரி, கேளும்மா. தூக்காதே. அள்ளி மடியில வெச்சுக்காதே. பலகை மாதிரி எதையாவது பக்கத்துல ஒட்டி வை. தோளையும் இடுப்பையும் ஒரே நேரத்துல பிடிச்சு மெதுவா நகர்த்தி ஏத்து. நெஞ்சை அமுக்காதே. வாயில ஒரு சொட்டுத் தண்ணிகூட ஊத்தாதே. மூக்குல ரத்தம் இருந்தா துணியால ஒத்தி எடு. கழுத்து நேரா இருக்கட்டும். மேல ஏதாவது போர்த்து. உடனே புறப்படு."

"பலகை இல்லையேம்மா!"

"தட்டையா என்ன இருக்கு பாரு!"

இருந்தது அந்தச் சட்டம்தான். இரும்புக் கம்பி வலை, அலுமினிய விளிம்பு. அதன் மேல் பட்டனை நகர்த்தி, என் துப்பட்டாவைப் போர்த்தி, காவலாளி நிறுத்திக் கொடுத்த வண்டியில் ஏறினேன். அந்த நேரத்தில் அந்தச் சட்டம் பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

பிராணிகள் ஆஸ்பத்திரி வாசலிலேயே போனில் பேசிய கம்பவுண்டரம்மா நின்றிருந்தார். ஐம்பதைத் தாண்டிய வயது, குள்ளம், நீலச் சட்டை, கையில் ஆக்ஸிஜன் குழாய் பொருத்திய கண்ணாடிப் பெட்டி. முன்கை முழுக்க வெள்ளை வெள்ளையாகத் தழும்புகள். அதைப் பற்றிப் பின்னொரு நாள் கேட்டபோது, "என் கைரேகையைப் பூனைங்க திருத்தி எழுதிடுச்சும்மா, கைரேகை பாக்கறவன் பாத்தா எழுந்து ஓடிடுவான்" என்றார். அன்று சிரிப்பெல்லாம் இல்லை. பட்டனின் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். ஈறு சாம்பல் நிறத்தில் இருந்தது. "நெஞ்சுல காத்து அடைச்சிருக்கு டாக்டர்" என்று உள்ளே குரல் கொடுத்தார்.

டாக்டர் இளம்பெண். விலா எலும்புகளுக்கு நடுவே ஊசியை ஏற்றி உறிஞ்சினார். ஊசிக்குழாயில் ரத்தம் வரும் என்று பயந்து பார்த்தேன். வந்தது வெறும் காற்று. அடிபட்ட நுரையீரலிலிருந்து கசிந்து, நெஞ்சுக்குள் தேங்கி, மூச்சை நெருக்கிக்கொண்டிருந்த காற்று. மூன்று முறை உறிஞ்சி எடுத்த பிறகு பட்டன் வாயை மூடிக்கொண்டு மூக்கால் மூச்சுவிட்டது. மேல் அண்ணம் நடுவில் பிளந்திருந்தது. முன்னங்கால் ஒன்று தொங்கியது.

"கால்... காலைப் பாருங்கம்மா" என்றேன்.

"முதல்ல மூச்சு. எலும்பு எங்கயும் ஓடிப் போகாது" என்றார் கம்பவுண்டரம்மா. வலி ஊசி போட்டுப் பெட்டிக்குள் வைத்து, எக்ஸ்ரேயை மதியத்துக்குத் தள்ளிவைத்தார்கள்.

அதற்குப் பிறகுதான் அவர் கண் தரையில் கிடந்த வலைச் சட்டத்தின் மேல் விழுந்தது. குனிந்து எடுத்தார். நான்கு மூலையிலும் பிளாஸ்டிக் கிளிப்புகள், சட்டத்தை ஜன்னலோடு கவ்விப் பிடிப்பவை. இரண்டு உடைந்திருந்தன. முழுதாக இருந்த மூன்றாவதை நகத்தால் அழுத்தினார். அது பிஸ்கட்டைப்போல உதிர்ந்தது.

பக்கத்தில் இருந்த முக்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"என்னம்மா?"

பதிவேட்டை எடுத்து என் முன்னால் விரித்தார். அந்தக் கோடை தொடங்கி ஏழு வாரம் ஆகியிருந்தது. பதினோராவது மாடி, செம்பட்டை ஆண் பூனை, வரும் வழியிலேயே போய்விட்டது. ஒன்பதாவது மாடி, தாய்ப்பூனை, தாடை முறிவு. ஆறாவது மாடி, ஐந்து மாதக் குட்டி, மூத்திரப்பை கிழிந்து இறந்தது. எட்டாவது மாடி, வெள்ளைப் பூனை, பின்னங்கால் இரண்டும் முறிவு. எல்லாவற்றுக்கும் ஒரே முகவரி. மூன்றாம் பிளாக், கிழக்குப் பக்கம். என்னுடையது ஐந்தாவது.

"நாலு பேரும் ஒரே பதில்தான் சொன்னாங்க. 'வலை போட்டிருந்துச்சு'ன்னாங்க. நான் நம்பலை. திறந்து வெச்சுட்டுப் பொய் சொல்றாங்கன்னு நெனச்சேன். ஒருத்தரைத் திட்டிக்கூட அனுப்பினேன்." சட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சட்டத்தை யாரும் கொண்டு வரலை. இப்பத்தான் பாக்கறேன்."

பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "என் தங்கச்சி உங்க வரிசைலதான் இருக்கா. ஏழாவது மாடி. அவளுக்கு மூணு வயசுல ஒரு பொண்ணு."

அந்தப் பெண் குழந்தையை எனக்குத் தெரியும். எல்லாரும் அணில் என்றுதான் கூப்பிடுவோம். நடக்கக் கற்றுக்கொள்வதற்கு முன்பே ஏறக் கற்றுக்கொண்டவள். லிஃப்டில் நின்றால் என் கால்வழியாக ஏறி இடுப்பில் உட்கார்ந்துகொள்வாள். ஆனால் அவளுடைய பெரியம்மாதான் இந்த அம்மா என்பது அதுவரை எனக்குத் தெரியாது.

கம்பவுண்டரம்மா இருபத்துமூன்று வயதில் அந்த ஆஸ்பத்திரிக்குத் தரை துடைக்க வந்தவர். பழைய டாக்டர் கட்டுப் போடுவதைத் துடைப்பமும் கையுமாக நின்று பார்த்தே பாதி கற்றுக்கொண்டு, மீதியைப் படித்துப் பரீட்சை எழுதி வாங்கினார். தாய் போனபோது தங்கைக்கு ஏழு வயது. அவளுக்குத் தலை பின்னி, பள்ளிக்கு அனுப்பி, கல்யாணம் கட்டிக் கொடுத்ததெல்லாம் இவர்தான். தனக்கென்று குடும்பம் அமைத்துக்கொள்ளவில்லை. பூனையும் வளர்க்கவில்லை. ஏன் என்று கேட்டால், "வீட்லயும் டியூட்டியா?" என்பார்.

அன்று சாயங்காலம் வேலை முடிந்ததும் நேராக எங்கள் கட்டடத்துக்கு வந்துவிட்டார். முதலில் என் வீடு. சமையலறை ஜன்னலிலும் அதே மாதிரிச் சட்டம்தான். அதன் விளிம்பில் ஒரு கயிற்றைக் கட்டி, மறுமுனையை என் கையில் கொடுத்தார். பிறகு இரண்டே விரலால் வலையின் கீழ் மூலையைத் தள்ளினார். டக். சட்டம் வெளியே போய்க் கயிற்றில் தொங்கி ஆடியது. ஐந்து மாடிக்குக் கீழே ஒருவர் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"எப்ப மாட்டினது இதெல்லாம்?"

"ஆறு வருஷம் ஆச்சு. ஒரே வாரத்துல எல்லா வீட்டுக்கும் மாட்டினாங்க."

"காலை வெயில் ஆறு வருஷமா நேரா இதுல அடிச்சிருக்கு. பிளாஸ்டிக் வெந்து போச்சு. எல்லாம் ஒண்ணாப் பொறந்தது, ஒண்ணாவே சாகுது." மேலே கூரையைப் பார்த்தார், கூரையைத் துளைத்து இன்னும் இரண்டு மாடி பார்ப்பதுபோல. "பூனை கனம் நாலு கிலோ. குழந்தை கனம் பதினாலு."

ஏழாவது மாடிக்கு நானும் கூடப் போனேன். கதவைத் திறந்த தங்கைக்கு அக்காவைப் பார்த்ததில் முகமெல்லாம் சிரிப்பு. உள்ளே கிழக்கு ஜன்னலுக்கு நேர் கீழே கட்டில். கட்டிலின் மேல் அணில் குதித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு குதிப்பிலும் அவள் தலை ஜன்னல் விளிம்புக்கு மேலே வந்துவந்து போனது. கம்பவுண்டரம்மா நேராகப் போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டார்.

தங்கையின் கணவர்தான் எங்கள் கட்டடத்தின் சூப்பர்வைசர். நல்ல மனிதர். குழாய் ஒழுகினால் சாப்பாட்டைப் பாதியில் விட்டு வருவார். ஆனால் தன் வேலையில் குறை சொன்னால் மட்டும் மூக்கு சிவந்துவிடும்.

"நான் பக்கத்துல நின்னு மாட்ட வெச்சதுதான்க்கா இதெல்லாம். ஒவ்வொண்ணையும் தட்டிப் பாத்துத்தான் விட்டேன்."

"உங்களைக் குத்தம் சொல்லலை தம்பி. அப்ப நல்லாத்தான் இருந்திருக்கும். இப்ப உளுத்துப் போச்சு."

"பூனைன்னா குதிக்கும்க்கா. புறாவைப் பாத்தா அதுக்குக் கண்ணு மண்ணு தெரியாது."

"பூனை குதிக்கலை தம்பி. சாஞ்சுது. சாஞ்சு படுத்துச்சு, அவ்வளவுதான்."

ஜன்னலின் கண்ணாடிக் கதவு ஓடும் தடத்தில் ஒரு திருகாணி இறக்கினால் போதும், மூன்று விரல் அகலத்துக்கு மேல் திறக்காது, காற்றும் வரும், எதுவும் வெளியே போகாது என்றார் கம்பவுண்டரம்மா. "பூனைக்குத் தலை நுழைஞ்சா உடம்பு நுழையும். அதான் மூணு விரல்."

"ஜன்னல்ல யாரும் ஓட்டை போடக்கூடாதுன்னு சங்கத்துல விதி. மீறினவங்களுக்கு அபராதச் சீட்டுக் கொடுக்கறதே நான்தான். நானே என் வீட்ல போட்டா எவன் என்னை மதிப்பான்?"

"அக்கா, விடேன்" என்றாள் தங்கை. "கட்டிலை அந்தப் பக்கம் நகர்த்திடறேன். சரியா?"

கட்டிலை அப்போதே நகர்த்தினார்கள். கீழே வந்ததும் கம்பவுண்டரம்மா நின்று, கட்டடத்தின் கிழக்கு முகத்தை அண்ணாந்து பார்த்தார். பன்னிரண்டு மாடி, வரிசைக்கு எட்டு ஜன்னல். வெக்கை தாங்காமல் எல்லா வீட்டிலும் கண்ணாடியைத் திறந்து வைத்திருந்தார்கள். ஒவ்வொரு திறப்பிலும் அந்த மெல்லிய கறுப்பு வலை. "இவ்வளவு பேரும் அது தாங்கும்னு நம்பிட்டு உள்ள இருக்காங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை குடியிருப்போர் சங்கக் கூட்டம். செயலாளர் ஓய்வுபெற்ற அதிகாரி. எதைச் சொன்னாலும் "எழுத்துல கொடுங்க" என்பார். கம்பவுண்டரம்மா எழுத்தில் கொடுக்கவில்லை. துணிப்பையில் நாலு கிலோ மணல் கட்டிக்கொண்டு வந்திருந்தார். கூட்ட அறையின் கிழக்கு ஜன்னலில் பையை வலைமேல் மெதுவாகச் சாய்த்தார். தள்ளவில்லை, சாய்த்தார். டக். சட்டமும் பையும் சேர்ந்து முதல் மாடியிலிருந்து புல்தரையில் விழுந்த சத்தம் கேட்டு நாலைந்து பேர் எழுந்தே விட்டார்கள்.

செயலாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கவலைப்பட வேண்டிய விஷயம்தான். மாட்டின நிறுவனத்துக்கு எழுதறோம். அவங்க பதில் வந்ததும் அடுத்த மாசக் கூட்டத்துல வைக்கறோம்."

"அடுத்த மாசம் வரைக்கும்?"

"அறிவிப்பு ஒட்டிடுவோம்."

சூப்பர்வைசர் மூலையில் நின்றிருந்தார். தலை நிமிரவே இல்லை. அவர் பார்த்துப் பார்த்து மாட்டியது எல்லார் கண்ணெதிரிலும் புல்தரையில் கிடந்தது. பாவமாக இருந்தது எனக்கு.

மறுநாள் லிஃப்டில் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். 'பூனை வளர்ப்போர் கவனத்துக்கு' என்று தலைப்பு. பட்டனைப் பார்க்கப் போனபோது அதைக் கம்பவுண்டரம்மாவிடம் சொன்னேன். குழாய் வழியாகப் பட்டனுக்குக் கூழ் கொடுத்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

"பூனை வளர்ப்போர்னு போட்டா, பூனை வளர்க்காதவங்க படிப்பாங்களா?"

செவ்வாய்க்கிழமை ஆறாவது பூனை வந்தது. பத்தாவது மாடி. வீட்டுக்காரர்கள் அறிவிப்பைப் படித்துவிட்டு எல்லா ஜன்னலையும் அடைத்துத்தான் வைத்திருந்தார்கள். விருந்தாளி ஒருவர் புழுக்கமாக இருக்கிறதென்று ஒன்றைத் திறந்திருக்கிறார். விழுந்த பூனை எழுந்து நடந்திருக்கிறது. "ஒண்ணும் ஆகலை, நடக்குதே" என்று நாலு மணி நேரம் வீட்டில் வைத்துப் பார்த்துவிட்டுக் கொண்டு வந்தார்கள். உள்ளே ரத்தம் கசிந்துகொண்டே இருந்திருக்கிறது. மேஜையில் ஏற்றிய பத்தாவது நிமிடம் உயிர் போய்விட்டது. விழுந்த பூனை நடந்தாலும், ஓடினாலும், தட்டைக் காலி செய்தாலும் அன்றே காட்டிவிட வேண்டும் என்று கம்பவுண்டரம்மா எல்லாரிடமும் அடித்துக்கொள்வது அதனால்தான்.

அந்தப் பூனையைத் துணியில் சுற்றிக் கொடுத்த கையோடு ஆஸ்பத்திரியில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு, துளையிடும் மெஷினை இரவல் வாங்கிக்கொண்டு எங்கள் கட்டடத்துக்கு வந்தார். நீலச் சட்டையில் ரத்தக்கறை அப்படியே இருந்தது. என்னைத் துணைக்கு அழைத்தார். சூப்பர்வைசர் கீழே தண்ணீர்த் தொட்டியில் வேலையாக இருந்த நேரம்.

தங்கை கதவைத் திறந்தாள். அக்காவின் சட்டையைப் பார்த்தாள். கேள்வி கேட்காமல் வழிவிட்டாள்.

தடத்தில் மூன்று விரலை ஒட்டி வைத்து அளந்து, பென்சிலால் குறித்து, துளையிட்டுத் திருகாணியை இறக்கினார். கண்ணாடியை இழுத்து மோதவிட்டுப் பார்த்தார். மூன்று விரலோடு நின்றது. ஐந்து நிமிட வேலைகூட இல்லை.

"அவர் வந்து கேட்டா என்னக்கா சொல்றது?"

"அக்காவுக்குப் பைத்தியம் பிடிச்சிருக்குன்னு சொல்லு."

என் வீட்டிலும் இரண்டு ஜன்னலுக்கு இறக்கிக் கொடுத்துவிட்டுப் போனார். அன்று மாலை சூப்பர்வைசர் அதைப் பார்த்துவிட்டார். ஏழாவது மாடிச் சத்தம் படிக்கட்டு வழியாக எனக்கே கேட்டது. "கூட்டத்துல என்னை அசிங்கப்படுத்தினது பத்தாதுன்னு என் வீட்ல வந்து ஓட்டை போட அவங்க யாரு? ஞாயித்துக்கிழமை கழட்டி எறியறேன் பாரு!"

வியாழக்கிழமை காலை பத்து மணி இருக்கும். பள்ளிச் சீருடை ஒன்றுக்குக் காலர் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தேன். என் ஜன்னலுக்கு வெளியே ஏதோ மேலிருந்து கீழே போனது. கறுப்பாக, சதுரமாக. கூடவே வேறெதுவும் போனதா என்று சொல்ல முடியாத வேகம். அதன்பின் கீழே மோதிய சத்தம்.

இன்றைக்கும் என்னை நானே கேட்டுக்கொள்வதுண்டு, ஏன் எட்டிப் பார்க்கவில்லை என்று. என்னால் முடியவில்லை. கீழே என்ன கிடக்கிறது என்று பார்க்கும் தைரியம் இல்லாமல் மேலே ஓடினேன். இரண்டு மாடி. செருப்பில்லாமல், கையில் கத்தரிக்கோலோடு.

ஏழாவது மாடிக் கதவு சும்மாதான் சாத்தியிருந்தது. தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். சமையலறை வாசலில் தங்கை அசையாமல் நின்றிருந்தாள். வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை.

கட்டில் இருந்த இடத்துக்கு அணில் துணிக்கூடையை இழுத்து வந்து கவிழ்த்துப் போட்டிருந்தாள். அதன் மேல் ஏறி, அங்கிருந்து ஜன்னல் விளிம்பில் ஏறி நின்றிருந்தாள். வலது கை தோள்வரைக்கும் வெளியே இருந்தது. கன்னம் கண்ணாடியில் அப்பியிருந்தது. உடம்பு முழுக்கக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம். அவளால் திறக்க முடிந்தவரை இழுத்துத் திறந்திருக்கிறாள். மூன்று விரல். வலை இருந்த இடத்தில் ஒன்றுமில்லை.

"புறா போச்சு" என்றாள் என்னைப் பார்த்து.

கத்தரிக்கோலை எங்கே போட்டேனோ தெரியாது. அவள் கையை இடுக்கிலிருந்து மெல்ல எடுத்து இறக்கித் தாயிடம் கொடுத்தேன். அப்போதுதான் தங்கையின் தொண்டையிலிருந்து சத்தம் வந்தது. அப்படியொரு சத்தத்தை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

சூப்பர்வைசர் படியேறி வந்து சேர்ந்தார். கீழே நின்று யாருக்கோ வேலை சொல்லிக்கொண்டிருந்தவருக்குப் பத்தடி தள்ளி அந்தச் சட்டம் விழுந்திருக்கிறது. நிமிர்ந்து பார்த்தால் தன் வீட்டு ஜன்னலில் ஒரு சின்னக் கை வெளியே நீண்டு விரல்களை மூடி மூடித் திறந்துகொண்டிருந்ததாம். லிஃப்டுக்குக் காத்திருக்க முடியாமல் ஏழு மாடியும் ஓடி வந்திருந்தார். குழந்தையைத் தொட்டார். பிறகு ஜன்னலுக்குப் போய்க் குனிந்து அந்தத் திருகாணியின் தலையை விரலால் தொட்டார். மறுபடி தொட்டார். மறுபடியும். அப்படியே சுவரோரம் சரிந்து உட்கார்ந்து போனை எடுத்தார்.

"அக்கா" என்றார். அதற்குமேல் வரவில்லை.

ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் எங்கள் எல்லாருக்கும் கேட்டது. அந்தப் பக்கத்திலிருந்து கம்பவுண்டரம்மாவின் குரல், ஆஸ்பத்திரிக் குரல், கொஞ்சமும் நடுங்காத குரல்: "மூச்சு விடுதா?"

"ஒண்ணும் ஆகலைக்கா. நல்லா இருக்கா. உள்ளதான் இருக்கா. நிறுத்திடுச்சுக்கா... உங்க ஸ்க்ரூ நிறுத்திடுச்சு."

அந்தப் பக்கம் டாக்டரின் குரல்தான் கேட்டது, "என்னாச்சு? உக்காருங்க, உக்காருங்க முதல்ல" என்று. அதோடு இணைப்பு அறுந்தது.

சூப்பர்வைசர் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. வியாழன் மதியமே பெட்டி நிறையத் திருகாணியோடு பன்னிரண்டாவது மாடியிலிருந்து தொடங்கினார். தொண்ணூற்றாறு ஜன்னல், மூன்று நாள். ஒரு கையில் கயிறு, ஒரு கையில் மெஷின். சட்டத்தைக் கயிற்றில் கட்டி உள்ளே கழற்றி வைத்துவிட்டு, கண்ணாடிக்குத் திருகாணி இறக்குவார். எட்டாவது மாடியில் செயலாளர் வீடு. "விதிப்படி இதுக்கு" என்று அவர் ஆரம்பித்தார். சூப்பர்வைசர் அந்த வீட்டு வலையைக் கயிற்றில் கட்டி ஒற்றை விரலால் தொட்டார். அது போனது. கயிற்றில் தொங்கிய சட்டத்தைப் பார்த்த செயலாளர், தானே போய் ஸ்டூல் கொண்டு வந்து போட்டார். பிற்பாடு சுவரோடு திருகி இறுக்கிய எஃகு வலைகள் வந்தன. ஆள் ஏறி நின்றாலும் அசையாதவை.

பட்டன் மூன்று வாரம் கழித்து வீட்டுக்கு வந்தது. அண்ணம் கூடிவிட்டது. கால் கொஞ்சம் இழுக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து மெஷின் மிதியின் மேல்தான் படுக்கிறது. தைக்க வேண்டுமென்றால் நான்தான் அதனிடம் கெஞ்ச வேண்டும்.

இத்தோடு முடிந்ததென்றுதான் நான் நினைத்தேன். கம்பவுண்டரம்மா நினைக்கவில்லை. "அதே லாட்டுல செஞ்ச சட்டத்தை வேற எங்கெல்லாம் மாட்டினாங்க?" என்று சூப்பர்வைசரைக் கேட்டார். அவர் விசாரித்துக்கொண்டு வந்தார். நகரத்தில் இன்னும் ஐந்து கட்டடம். இருவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ந்து போனார்கள், ஒருவர் மணல்பையோடு, மற்றவர் கயிற்றோடு. நானும் சில நாள் போனேன். முதல் மூன்று கட்டடங்களில் காது கொடுத்துக் கேட்டார்கள். நாலாவதில், "எங்க கட்டடத்துல யாரும் பூனை வளர்க்கறதில்லையே" என்றார்கள். அவர்களுக்குப் புரியவைக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

ஐந்தாவதில் கேட்டைத் திறக்கவே இல்லை. நிர்வாகம் வெளியாட்களை விட வேண்டாமென்று சொல்லியிருப்பதாகக் காவலாளி சொன்னார். மூன்று ஞாயிறு போனோம், மூன்று முறையும் அதே பதில். அதனால் எதிர்ச்சாரியில் நின்று கிழக்குப் பக்கத்து வலைகளை எண்ணிவிட்டுத் திரும்புவோம். சரியாக எண்பது. நாலாவது ஞாயிறும் எண்ணினார் கம்பவுண்டரம்மா. நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

"எழுபத்தொம்போது" என்றார்.

அந்த வாரம் ஆஸ்பத்திரிக்கு அந்தக் கட்டடத்திலிருந்து எந்தப் பூனையும் வரவில்லை.

சாலையைக் கடந்து கேட்டுக்குப் போனார். எங்களைப் பார்த்ததும் காவலாளி நாற்காலியிலிருந்து எழுந்தார். இந்தத் தடவை அவர் முகம் வேறு மாதிரி இருந்தது.

"ஒண்ணு விழுந்திருக்கே. எப்ப?" என்று கேட்டார் கம்பவுண்டரம்மா.

"செவ்வாய்க்கிழமை சாயங்காலம்மா. கீழ யாரும் இல்லை."

"மேல?"

காவலாளி மேலே கையைக் காட்டினார். "ஆறாவது மாடி. ஒருத்தர் ஜன்னல்கிட்ட நின்னு பேசிட்டு இருந்திருக்காரு. பேச்சுவாக்குல வலைமேல கையை ஊனியிருக்காரு. பாதி உடம்பு வெளிய போயிடுச்சு. பக்கத்துல இருந்த சம்சாரம் சட்டையைப் பிடிச்சு இழுத்துட்டாங்க. அந்த அம்மாவுக்குத் தோள்பட்டை இறங்கிடுச்சாம்." கேட்டின் தாழ்ப்பாளை விலக்கினார். "நிர்வாகம் என்ன சொன்னாலும் பரவாயில்லை. நீங்க உள்ள வாங்க."

போனோம். இருட்டுவதற்குள் மூன்று மாடிகளைத்தான் பார்க்க முடிந்தது. இருபத்துநாலு வலைகளில் பத்தொன்பது இரண்டு விரலுக்குக் கழன்று வந்தன. மீதி ஐந்துக்கு ஒரு விரலே போதுமாக இருந்தது.